நீ நட்ட குச்சிகள்

அன்புத் தம்பி ஆஸ்கெய்ருக்கு, அக்கா குன்வோர் எழுதுவது.

நானும் குழந்தையும் நலம். மலைக்குடிலில் நீயும் நலமாக இருக்க வேண்டும். இன்றைக்கு எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. அங்கே தொலைபேசி எடுக்காது என்பதால் இதைப் பக்கத்து வீட்டு டூர்லைவிடம் கொடுத்தனுப்புகிறேன். சரிவைத் தவிர்த்து, காட்டைச் சுற்றித்தான் வருகிறான். ஆரஞ்சுப் பழங்களும் வைத்திருக்கிறேன். குடிலில் தங்கும் ஈஸ்டர் விருந்தாளிகளுக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிடாமல் நீயும் சாப்பிடு.

எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. இந்த வாரம் இரவெல்லாம் மேகம் மூடியே கிடக்கிறது. அதனால் குளிர் ஏறவில்லை, பனி இறுகவில்லை. விடிகாலையில் வாசலில் பனிச்சறுக்குக் கோலை ஊன்றினால் கைப்பிடிவரை இறங்குகிறது. மேலே குளிர் அதிகம் என்பாய். ஆனால் நேற்று மதியம் ஸ்வார்ட்லியா சரிவில் பனி இடிந்து இறங்கிய சத்தம் என் சமையலறைவரை கேட்டது. குழந்தை பாலை விட்டுவிட்டு அழுதாள். டூர்லைவ் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பாதிதான் வந்திருக்கு. மீதி மேல தொங்கிக்கிட்டு நிக்குது. அதுக்கு நேர் அடியில உன் தம்பி பனியில வழி காட்ட நட்ட குச்சியெல்லாம் சமர்த்தா வரிசையா நிக்குது" என்றான். குடிலிலிருந்து பார்த்தால் உனக்கு அந்தக் குச்சிகள் மட்டும்தான் தெரியும்.

உன்னை எனக்குத் தெரியாதா? குச்சியை மட்டும் நம்பி இறங்கலாமா என்று போன வருஷம் நான் கேட்டதற்கு, "நானே நட்ட குச்சி, என்னையே ஏமாத்துமாக்கா?" என்று சிரித்தாய். இந்த வருஷக் குச்சிகளும் பிப்ரவரியில் பனி கல்லாய் இருந்தபோது நட்டவை. ஏப்ரல் வெயிலைப் பற்றி அவற்றுக்கு என்ன தெரியும்? சனிக்கிழமை எல்லோருக்கும் காலை உணவு கொடுத்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்புவாய். சரிவுக்கு வந்து சேரும்போது உச்சிப்பொழுது. அதற்குப்பின் காட்டைச் சுற்றினால் ஞாயிறு ஆராதனைக்கு எட்டாது என்று கணக்குப் போட்டு, குறுக்கே இறங்குவாய்.

பாப்பாவின் ஞானஸ்நானத்துக்காகத்தானே இந்த அவசரம்? இன்று பாதிரியாரிடம் போய் அதைத் தள்ளி வைத்துவிட்டேன். மாமியார் குதித்தார். "ஆட்டுத்தொடை வாங்கியாச்சு, ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. உன் தம்பி என்ன சின்னப் பிள்ளையா, வழி தெரியாம போக?" என்றார். கறி கெட்டால் கெடட்டும். எனக்கு நீ சின்னப் பிள்ளைதான்.

இனி நீ அவசரப்பட ஒரு காரணமும் இல்லை. விருந்தாளிகளையும் அந்தப் பக்கம் விடாதே. மேகம் விலகி, இரவில் பனி இறுகும்வரை அங்கேயே இரு. இல்லையென்றால் காட்டைச் சுற்றி, எத்தனை நேரமானாலும் நடந்து வா. திரும்பிப் போவதில் வெட்கமில்லை என்ற மலைப் பாதுகாப்பு விதியைப் பள்ளிக்கூடத்தில் நீதானே உரக்கச் சொல்வாய்?

நாம் இருவரும் முடிவு செய்த பெயரை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. கோயிலில் அவளைக் கையில் ஏந்தி நீதான் சொல்ல வேண்டும். அதுவரை அவள் வெறும் பாப்பாதான். கர்த்தர் உன் காலடியைக் காக்கட்டும். அந்தப் பெயரை என் வாயால் சொல்ல வைத்துவிடாதே, தம்பி.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அக்கா,
குன்வோர்