காட்டெருமைக்கு விட்ட வழி

அன்பு மகள் ஸ்ரீமதிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த அயர்லாந்துக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். அம்மாவும் சுகம்தான் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

உனக்குத் தெரியுமே, தேயிலை ஃபேக்டரியில் இருந்தபோதும் ரிடையரான பிறகும் பழைய போர்களைப் படிப்பதுதான் எனக்குப் பைத்தியம். கொப்பம் போரில் யானை மேலிருந்த சோழ அரசன் விழுந்த பிறகும் படை எப்படி நிமிர்ந்தது என்று டீக்கடையில் ஆரம்பித்தால் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். போன செவ்வாய்க்கிழமை காலையில் நம் எஸ்டேட் லைன் வீடுகளுக்குள் ஒற்றைக் காட்டெருமை புகுந்துவிட்டது. ஆளாளுக்குத் தகரத்தைத் தட்டிக்கொண்டு நாலு பக்கமும் வளைத்துக்கொண்டார்கள். அது மூச்சிரைக்க நின்று தரையைக் கீறியது. கெட்டிக்காரத் தளபதி ஒரு பக்கத்தைத் திறந்து வைப்பான், ஓட வழியில்லாதவன்தான் சாகத் துணிந்து அடிப்பான், கீழ்ப்பாதையை விடுங்கடா என்று கத்தினேன். வாழ்நாளில் முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டார்கள். பக்கத்து வீட்டு பெனிஸ் ஆட்களை விலக்க, எருமை அந்த வழியாகப் பாய்ந்து இறங்கியது. அந்தப் பாதையில்தான் உன் அம்மா ரேஷன் அரிசியோடு ஏறி வந்துகொண்டிருந்தாள்.

பயப்படாதே, எருமை அவளைத் தொடவில்லை. அவள் ஒதுங்கித் தேயிலைச் செடிக்குள் குதித்து விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது, கூடலூரில் மாவுக்கட்டு போட்டாயிற்று. எனக்கு எரிச்சல் என்னவென்றால், லைனே என்னைப் பாராட்டுகிறது. பெனிஸ் டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணா, அந்தக் கொப்பம் கதைய இன்னொருக்கா சொல்லுங்க" என்கிறான். இத்தனை வருஷம் காதில் வாங்காதவர்கள் கேட்கிறார்கள், எனக்குத்தான் வாய் வரவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்று கேட்டாள், "ஏனுங்க, அந்த வழியில யாராச்சும் வாராங்களான்னு பாத்தீங்களா?" பார்க்கவில்லை. நேரமில்லை என்று சொல்லியிருக்கலாம், உண்மையில் நினைப்பே வரவில்லை. அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை. நான் குழைய வடிக்கிற சோற்றை இடது கையால் ஸ்பூனில் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள். திட்டினால்கூடத் தேவலை.

தலை பின்னிக்கொள்ளத் தினமும் பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறாள். இன்று காலை சீப்போடு கிளம்பியவளிடம், நான் பின்னி விடட்டுமா என்று கேட்டேன். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எனக்கு வரவில்லை, மூன்று தடவை அவிழ்த்துப் பின்னினேன். அவள் எழுந்து போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அம்மாவுக்குப் போன் பண்ணு, கை எப்படி இருக்கிறது என்று கேள், எனக்காகப் பரிந்து மட்டும் பேசாதே. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
மாரப்பன்,
நடுவட்டம்.