யானைக்கு மேலே மோட்டார்

ராதாபுரம்,
9 அக்டோபர் 1916.

ரங்கூன் பெட்ரோல் டிப்போ குமாஸ்தா பர்னபாஸ் என்பவருக்கு,

ராதாபுரம் கருப்பட்டி வியாபாரியும், ராதாபுரம் – பாளையங்கோட்டை மோட்டார் பஸ்ஸின் சொந்தக்காரனுமான அப்பாத்துரை எழுதுவது.

இது வியாபாரக் கடிதம். மூன்று வருஷத்துக்கு முன்னால் நீர் என் வீட்டுப் பெண்ணைத் தூத்துக்குடி மாதா கோவிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டு கப்பலேறியதைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் இல்லை. இருக்கிறதாக நினைத்துப் படித்தால் அது உம் பிசகு.

சங்கதி இதுதான். இந்த வருஷம் ஒரு பழைய மோட்டார் பஸ் வாங்கி ஓட்டுகிறேன். எங்கள் தாலுகாவில் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறவரை ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாளையங்கோட்டையில் பெட்ரோல் விற்கிறவர் மாசா மாசம் விலையை ஏற்றுகிறார். கேட்டால், "ரங்கூன்லயே ஏத்திட்டான் அண்ணாச்சி, நான் என்ன செய்யட்டும்?" என்கிறார். நீர் ரங்கூனில் பெட்ரோல் கணக்கு எழுதுவதாக உவரியில் உம் தாயார் சொன்னதாகக் கேள்வி. அங்கே உண்மையில் காலன் என்ன விலை? கொழும்பில் என்ன? சீமையில் என்ன? எல்லா தேசத்திலும் ஏறுகிறதா, என் தலையில் மட்டும் ஏறுகிறதா?

வரியும் சேர்ந்து வதைக்கிறது. நாங்குநேரி தாண்டி ஒரு சுங்கச்சாவடி இருக்கிறது. அங்கே மாட்டு வண்டி, குதிரை, யானை என்று பலகையில் ரேட் எழுதியிருக்கும். இந்த வருஷம் யானைக்கு மேலே மோட்டார் என்று புதுச் சுண்ணாம்பில் எழுதிவிட்டான். யானைக்கு எட்டணா, எனக்கு ஒரு ரூபாய். யானை ரோட்டை மிதித்துக் குழியாக்கி, லத்தியும் போட்டுவிட்டுப் போகிறது. என் பஸ் என்ன செய்தது? போதாக்குறைக்குக் கேட்டுக்காரன் தலையை உள்ளே நீட்டி, "உள்ள யாரு, உள்ள யாரு?" என்று விசாரிக்கிறான். ஒவ்வொரு தடவையும் சண்டை போட்டுவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

பதில் எழுத ஸ்டாம்பு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஞா. அப்பாத்துரை,
மோட்டார் பஸ் சொந்தக்காரன்.


சேசு மரி சூசை

ரங்கூன்,
24 அக்டோபர் 1916.

மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு,

பர்னபாஸ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தங்கள் வியாபாரக் கடிதம் கிடைத்தது. வியாபாரக் கடிதமாகவே படித்தேன். பாதி விஷயம் புரியாமல் போனாலும் பரவாயில்லை என்று துணிந்துவிட்டேன்.

இங்கே பர்மாவில் வடக்கே பூமியைத் துளைத்து எண்ணெய் எடுக்கிறார்கள். ஆனாலும் எங்களுக்குச் சும்மா கொடுப்பதில்லை. யுத்தத்துக்குப் போனது போக மிச்சம்தான் கடைக்கு வருகிறது. இந்த ஆறு மாசத்தில் காலனுக்கு இரண்டணா ஏறியிருக்கிறது. அங்கே எவ்வளவு ஏறியது என்று தாங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம். உங்கள் வியாபாரி முழுப் பொய் சொல்லவில்லை.

கொழும்பில் என் தம்பி அருளப்பன் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரைக்குக் கார் ஓட்டுகிறான். துறைமுகத் தீர்வை கட்டி எடுப்பதால் இங்கேயுள்ள விலையை விட நல்ல கூடுதல் என்று எழுதுகிறான். சீமையில்தான் மோசம். காலனுக்கு மூன்று பென்ஸ் இருந்த வரியை யுத்தம் வந்ததும் ஆறு பென்ஸ் ஆக்கிவிட்டார்கள். இந்த வருஷம் அனுமதிச் சீட்டு இல்லாமல் பெட்ரோலே கிடையாதாம். அதுவும் போக, காருக்கு எத்தனை குதிரை பலம் என்று கணக்குப் பார்த்து வருஷ வரி. எங்கள் மானேஜர் துரை ஊர்ப் பத்திரிகையைப் படித்துவிட்டு மேஜையைக் குத்துகிறார். யானையோடு ஒப்பிட்டு அங்கே யாரும் வாங்குவதாகத் தெரியவில்லை. அந்தப் பெருமை நாங்குநேரி தாலுகாவுக்கே இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை நான் எழுத எழுத எதிரே உட்கார்ந்து ஒருவர் படிக்கிறார். "அப்பா பஸ்ஸா வாங்கிருக்காங்க? மாட்டு வண்டியில போனாலே தலை சுத்தும்னு சொல்லுவாங்களே!" என்று சிரிக்கிறார். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரமாக வெளியே வரவில்லை.

தங்கள் ஸ்டாம்பு இந்தியா ஸ்டாம்பு என்பதால் இங்கேயும் செல்லும். மிக்க நன்றி.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
பர்னபாஸ்.


ராதாபுரம்,
11 டிசம்பர் 1916.

பர்னபாஸ் அவர்களுக்கு,

உமது கடிதத்தைப் பெட்ரோல் வியாபாரியிடம் வாசித்துக் காட்டினேன். மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை. காலனுக்கு ஒன்றரையணா குறைத்துப் பத்துப் பெட்டி கொடுத்தார். பெட்டிக்கு இரண்டு டின், டின்னுக்கு நாலு காலன். கருப்பட்டிக் கிட்டங்கியில் அடுக்கிப் பூட்டிவிட்டேன். அந்தப் பக்கம் யாரும் சுருட்டுக் குடிக்கக் கூடாது என்று உத்தரவு.

உம் கடிதத்தின் தலைப்பில் மாதாவையும் சூசையப்பரையும் எழுதியிருப்பதைப் பற்றி, புரோட்டஸ்டண்ட் சபைக்காரனான எனக்கு அபிப்பிராயம் உண்டு. பெட்ரோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லாததால் எழுதவில்லை.

நீர் மூன்று தேசம் சொன்னீர். நான்காவதை நான் சொல்கிறேன். போன வாரம் ஒரு கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ஆரல்வாய்மொழி வரை போனேன். அந்தப் பக்கம் திருவிதாங்கூர் ராஜ்யம். இங்கே வாங்கின லைசென்ஸ் அங்கே செல்லாதாம், தனிக் கட்டணமாம். டிரைவர் காசிலிங்கம் இறங்கிப் போய், "ஒரே ரோடு, ஒரே வெயிலு, இதுல ராஜா மட்டும் வேறயா?" என்று கேட்டுவிட்டான். அதற்கு ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். மாப்பிள்ளை நடந்தே போய்த் தாலி கட்டினான்.

வீட்டில் என் மனைவி சாரம்மாள் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தரவில்லை. "பெட்ரோல் வெல கேட்டு எழுதுதிய. பிள்ள எப்படி இருக்கான்னு ஒரு வரி எழுதுனா கையா ஒடிஞ்சிரும்?" என்கிறாள். தை மாசத்தில் ரங்கூன் விலை எப்படி இருக்கும் என்று விசாரித்து எழுதவும்.

தலை சுற்றுமே என்று கேட்டவருக்கு: டிரைவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தால் சுற்றுவதில்லை.

இப்படிக்கு,
ஞா. அப்பாத்துரை.


சேசு மரி சூசை

ரங்கூன்,
2 பிப்ரவரி 1917.

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

இப்படி அழைத்ததற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கடிதத்தில் எழுதவேண்டிய சங்கதிக்கு 'ஐயா' சரிப்படாது.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்னும் ஏறும். இந்தியாவிலும் சீமை மாதிரி காலனுக்கு இத்தனை என்று வரி போடப் போகிறார்கள் என எங்கள் டிப்போவில் பேச்சு. கையிலுள்ள பெட்டிகளைச் சிக்கனமாகச் செலவிடுங்கள். கொழும்பில் அருளப்பனின் துரை காரைக் கொட்டகையில் போட்டுவிட்டு மறுபடி குதிரை வண்டி பூட்டிவிட்டாராம். தம்பிக்குக் குதிரை என்றால் பயம். கடற்கரையில் பிறந்தவனுக்குக் குதிரை எங்கே பழக்கம்?

மாமா, யூனிஸுக்கு இது ஐந்தாம் மாசம். டாக்டரம்மா ஆனி மாசத்தில் என்று சொல்லுகிறார். சுகமாக இருக்கிறாள். கருப்பட்டிக் காப்பி கேட்கிறாள், இங்கே கிடைக்கும் வெல்லம் வாய்க்கு ஆகவில்லையாம். ராத்திரி தூக்கம் வராவிட்டால் உங்கள் பழைய கடிதங்களை எடுத்து வாசித்துச் சிரிக்கிறாள். சாவடியில் நீங்கள் சண்டை போடுவதை உங்கள் குரலிலேயே செய்து காட்டுகிறாள்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது உங்கள் பக்கமும் முறைதான், எங்கள் பக்கமும் முறைதான். அதில் வேதம் இரண்டாகவில்லை. ஏழாம் மாசத்தில் பிறந்த வீட்டார் வந்து அழைக்க வேண்டும். அழைக்கும்படி நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று தெரியும். தெரிவிக்காமல் இருப்பது தப்பு என்பதால் தெரிவிக்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம்.

தங்கள் அன்புள்ள,
பர்னபாஸ்.


ராதாபுரம்,
12 மார்ச் 1917.

பர்னபாஸ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

நீர் சொன்னபடியே வரி வந்துவிட்டது. காலனுக்கு ஆறணா. பாளையங்கோட்டை வியாபாரி வரியைச் சாக்காக வைத்து இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டார். அந்த விலைக்கும் சரக்கு இல்லை. இருப்பதெல்லாம் சர்க்கார் வண்டிகளுக்குப் போகிறது.

ஒன்பது பெட்டி தீர்ந்துவிட்டது. ஒரு பெட்டி இருக்கிறது. நேற்று முதல் பஸ்ஸை நிறுத்திவிட்டேன். கோர்ட்டுக்குப் போகிறவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று சத்தம் போடுகிறார்கள். மாட்டு வண்டியில் போகட்டும். வழக்கு எங்கேயும் ஓடிவிடாது.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
ஞா. அப்பாத்துரை.


ரங்கூன்,
27 மார்ச் 1917.

ஐயா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வந்தது. யூனிஸ் அதை என்னிடமிருந்து வாங்கி வாசித்தாள். பிறகு திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். உறைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். மடித்துக் கொடுத்துவிட்டு, "பஸ்ஸ நிறுத்திட்டாங்களாம், பாவம்" என்றாள். அவ்வளவுதான். அன்று சாப்பிடவில்லை.

எனக்கு மனம் ஆறவில்லை, ஐயா. இத்தனை மாசமாக நான்கு தேசத்து விலையை நாம் எழுதிக்கொண்டோம். இதில் ஒரு தடவைகூட அவள் பெயரையோ, மகள் என்ற சொல்லையோ தாங்கள் எழுதவில்லை. என்மேல் உள்ள கோபம் நியாயமாக இருக்கலாம். வயிற்றுப் பிள்ளைக்காரி என்ன செய்தாள்?

காயல்பட்டினத்து ஜுபைதா பீவி அம்மாள் இங்கே எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்கள் குடும்பம் ஏப்ரல் இருபதாம் தேதிக் கப்பலில் சென்னப்பட்டணம் போகிறது. அவர்களோடு யூனிஸை அனுப்புகிறேன். எனக்கு லீவு இல்லை. கடலில் கண்ணிவெடி பயம் இருந்தாலும், இங்கே பெண் துணை யாருமில்லாமல் வைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. ரயிலில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து தோணியில் உவரி போவாள். என் அம்மா இஞ்ஞாசியம்மாள் பார்த்துக்கொள்வார்கள். தாய் வீடு பத்து மைலில் இருக்கும்போது மாமியார் வீட்டில் தலைப்பிரசவம் என்றால் ஊர் என்ன பேசும் என்று தெரியும். பேசிவிட்டுப் போகட்டும்.

விலை விசாரித்து இனி எழுதமாட்டேன். கடைசியாக ஒரு யோசனை மட்டும் சொல்லுகிறேன். ஒரு பெட்டி மீந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது விற்றால் வாங்கினதற்கு இரட்டிப்பாகக் கிடைக்கும். விற்றுவிடுங்கள்.

பர்னபாஸ்.


ராதாபுரம்,
5 ஏப்ரல் 1917, பெரிய வியாழன்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கர்த்தருடைய சமாதானம் உங்களோடும் யூனிஸோடும் இருப்பதாக.

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. வாசித்ததும் சாரம்மாள் என்னைப் பேசின பேச்சைப் பெரிய வியாழனன்று எழுதுவது உசிதமில்லை. அவள் பேசினது அத்தனையும் சரி. உங்கள் கடிதத் தலைப்பில் எப்போதும் இருப்பது இந்தத் தடவை இல்லை என்று அவள்தான் முதலில் கண்டாள். "கோவத்துல சாமியையே விட்டுட்டாரே" என்று அழுதுவிட்டாள். மாதாவையும் சூசையப்பரையும் நீங்கள் வழக்கம்போல எழுதுங்கள். என் அபிப்பிராயம் என்னோடு இருக்கட்டும். 'மாமா' என்று எழுதினதையும் நிறுத்த வேண்டாம்.

அந்தப் பெட்டி விற்பனைக்கு இல்லை.

பிப்ரவரியில் உங்கள் கடிதம் வந்தபோது கிட்டங்கியில் மூன்று பெட்டி இருந்தது. அன்றே ஒன்றைத் தனியாக எடுத்துச் சாக்குப் போட்டு மூடிவிட்டேன். ராதாபுரத்திலிருந்து திருநெல்வேலி ஸ்டேஷனுக்கு நாற்பது மைல். போக ஒரு டின், வர ஒரு டின். மாட்டு வண்டியில் என்றால் இரண்டு நாள், அந்த ரோட்டில் ஏழு மாசக்காரியைக் குலுக்கிக்கொண்டு வர முடியுமா? மற்ற இரண்டு பெட்டியும் தீர்ந்த அன்றைக்கு பஸ்ஸை நிறுத்தினேன். கோர்ட்டுக்காரர்கள் மட்டுமல்ல, ஒரு பெரிய மனுஷர் ஆள் அனுப்பி மூன்று மடங்கு தருவதாகச் சொன்னார். சாக்கைத் தூக்கிக்கூடக் காட்டவில்லை.

இவ்வளவையும் செய்தவன் ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுத உட்கார்ந்தேன், மாப்பிள்ளை. பெட்ரோலைப் பற்றி எழுதினேன், வரியைப் பற்றி எழுதினேன், அப்புறம் பேனா நகரவில்லை. மூன்று வருஷம் பேசாமல் இருந்த பிள்ளையிடம் முதல் வார்த்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. 'வேறு விசேஷம் இல்லை' என்று எழுதிப் போட்டுவிட்டேன். அவள் உறைக்குள் விரல் விட்டுப் பார்த்தாள் என்று நீங்கள் எழுதியதை என்னால் தாங்க முடியவில்லை. என்னை மன்னித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முறைப்படி ரங்கூனுக்கே வந்து அழைக்க வேண்டும். சாரம்மாள் என்னைத் தனியாகக் கப்பலேற விடமாட்டேன் என்கிறாள், தானும் ஏறமாட்டாளாம். அதனால் நாங்கள் இருவரும் சென்னப்பட்டணம் துறைமுகத்தில் வந்து நிற்போம். ஜுபைதா பீவி அம்மாளுக்கு நாங்கள் பட்டிருக்கும் நன்றிக்கடனை நேரில் சொல்லிக்கொள்கிறேன். அங்கிருந்து ரயிலில் திருநெல்வேலி. காசிலிங்கம் பஸ்ஸோடு ஸ்டேஷன் வாசலில் இருப்பான். "வண்டிய பூப்போல கொண்டு வாரேன் மொதலாளி" என்று சத்தியம் செய்திருக்கிறான். இன்று மத்தியானமே ஒரு சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட ஆரம்பித்துவிட்டான்.

உங்கள் தாயாரைப் பார்க்க நாளைக் கழித்து உவரிக்குப் போகிறோம். அந்த அம்மாளிடம் அனுமதி கேட்டுத்தான் பிள்ளையை இங்கே அழைத்து வருவோம். பிரசவத்துக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து வைத்துக்கொள்ளச் சாரம்மாள் தீர்மானித்துவிட்டாள். ஞானஸ்நானம் எந்தக் கோவிலில் என்பதைப் பற்றி இப்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று எல்லோருக்கும் உத்தரவு. எனக்கும் சேர்த்துத்தான்.

கருப்பட்டி ஒரு ஓலைக் கொட்டான் நிறைய எடுத்து வைத்திருக்கிறோம். உங்களுக்கு லீவு எப்போது கிடைக்கும் என்று எழுதுங்கள். கூடவே ரங்கூன் விலையையும் எழுதுங்கள். உங்களை அழைத்து வர இன்னொரு பெட்டி வேண்டும்.

திரும்பி வரும் வழியில் அந்தச் சாவடி வரும். யானைக்கு மேலே ஒரு ரூபாய் கேட்பான். இந்த ஒரு தடவை சண்டை போடாமல் கொடுத்துவிடுவேன். வழக்கம்போலத் தலையை நீட்டி, "உள்ள யாரு அண்ணாச்சி?" என்று கேட்பான். என் மகள் என்று சொல்லுவேன்.

உங்கள் மாமனார்,
அப்பாத்துரை.