என் அக்கா பேசிய பதினான்கு நொடிக்கு ஒலி கேட்டு

அனுப்புநர்:
ஆயத்த ஆடை ஆலைச் செக்கிங் பிரிவுத் தொழிலாளி,
அரசு மருத்துவமனை எதிர்த் தெரு, இரண்டாம் மாடி.

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
பொதுத் தொலைக்காட்சி நிலையம்.

பொருள்: சென்ற மாதம் எட்டாம் தேதி மாலை ஏழு மணிச் செய்தியில், என் அக்கா அமைச்சரிடம் பேசியதை ஒலி நீக்கிக் காட்டி, அவர் சொல்லாததைச் சொன்னதாக அறிவித்தது – அசல் ஒலியுடன் மறுஒளிபரப்புச் செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் குறைதீர்ப்புப் பிரிவு எனக்கு அனுப்பிய மறுப்புக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு ஆறு வயதிலிருந்து காது கேட்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், "மனுதாரர் செவித்திறன் அற்றவராதலால் ஒலி குறித்த அவரது புகார் ஏற்கத்தக்கதன்று" என்று எழுதித்தான் என் முதல் மனுவைத் தள்ளியிருக்கிறார்கள். ஏற்கத்தக்கதுதான் என்று கீழே காட்டுகிறேன். பாதியில் வைத்துவிடாமல் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

1. என் அக்கா எங்கள் தெருவுக்கு எதிரே உள்ள அரசு மருத்துவமனையில் ஒப்பந்த வார்டுப் பணியாளர். அவரைச் சேர்த்து அறுபத்திரண்டு பேர். ரத்தமும் ஊசியும் கிடக்கும் குப்பையை அள்ளுகிறவர்கள். கையுறை கேட்டு ஏழு மாதம் நடையாய் நடந்தும் கிடைக்காமல், சென்ற மாதம் ஐந்தாம் தேதி வேலையை நிறுத்தி வாசலில் உட்கார்ந்தார்கள். எட்டாம் தேதி காலை அமைச்சர் வந்தார். பேசுவதற்கு ஒரே ஒருவரை உள்ளே அனுப்பச் சொன்னார்கள். எல்லோரும் கைகாட்டியது என் அக்காவை. யாருக்கும் பயப்படாமல் பேசுவார் என்பதுதான் காரணம். உள்ளே அவர் பேசியதைக் கேட்டவர்கள் அமைச்சரும் உடன் வந்த அதிகாரிகளும் தங்கள் ஒளிப்பதிவாளரும் மட்டுமே. வெளியே இருந்த அறுபத்தொரு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

2. அன்று மாலைச் செய்தியில் அக்காவைப் பதினான்கு நொடி காட்டினீர்கள். வாய் அசைகிறது, ஒலி இல்லை. மேலே செய்தி வாசிப்பவர் குரல்தான் வந்தது என்று பக்கத்தில் இருந்த என் கணவர் சொன்னார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். அந்தக் குரல் சொன்னதைத் திரையின் அடியில் எழுத்தாகவும் ஓடவிட்டீர்கள்: "அமைச்சரின் உறுதிமொழியில் முழு திருப்தி அடைந்த தொழிலாளர் பிரதிநிதி நன்றி தெரிவித்து, போராட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்."

3. ஐயா, எனக்குக் காது போனபின் பேச்சு மறந்துவிடக்கூடாதென்று, என்னை எதிரில் உட்காரவைத்துத் தன் வாயைப் பார்க்கச் சொல்லிச் சொல்லிப் பழக்கியவர் இதே அக்காதான். மற்றவர்கள் உதட்டில் பெரும்பாலும் புரியும், கொஞ்சம் ஊகம். அக்கா உதட்டில் ஊகத்துக்கு வேலையே இல்லை. அந்தப் பதினான்கு நொடியில் அவர் சொன்னதை, அவர் வீடு திரும்பும் முன்பே எழுதிவைத்தேன்: "மூணு பேர் குப்பையில கெடந்த ஊசி குத்திப் படுத்திருக்காங்க சார். வாய்ல சொன்னா போதாது. எழுதிக் குடுங்க, எந்திரிக்கிறோம்." அக்கா வந்ததும் தாளைக் காட்டாமல், என்ன பேசினாய் என்று கேட்டேன். அதையேதான் சொன்னார். என்னைப் போலக் காது கேளாத தோழிகள் மூவருக்கும் அந்தக் காட்சியை அனுப்பித் தனித்தனியே எழுதச் சொன்னேன். இருவர் எழுதியது கிட்டத்தட்ட இதுவே. மூன்றாமவருக்கு "எழுதிக் குடுங்க" மட்டும்தான் பிடிபட்டது. அதையும் மறைக்காமல் இணைத்திருக்கிறேன். நன்றி என்ற சொல் நான்கு தாளிலும் இல்லை.

4. காட்சியின் முடிவில் அக்கா தலையாட்டுகிறார். திருப்தி என்று தாங்கள் காட்டுவது அதைத்தான். ஆயிரம் சட்டைக்கு நடுவே விட்டுப்போன ஒரு தையலைக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. அக்காவுக்குப் பின்னால் சுவரில் கடிகாரம் இருக்கிறது. பேசும்போது மணி பத்து நாற்பது. தலையாட்டும்போது பத்து இருபத்தைந்து. நேரம் பின்னோக்கி ஓடும் மருத்துவமனை எங்கள் ஊரில் இல்லை. உள்ளே நுழைந்தவுடன் "இங்கதான் வேலை பாக்குறியாம்மா?" என்று அமைச்சர் கேட்டதற்கு ஆட்டிய தலை அது என்று அக்கா சொன்னார். வெட்டி, கடைசியில் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறீர்கள்.

5. தேர்தல் நேரமாதலால் எதிர்க்கட்சிக்காரர் யாராவது தூண்டிவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதன்பின் பதினைந்து நாள், கையில் கைப்பேசிக் கடிகாரத்தோடு தங்கள் மாலைச் செய்தியைப் பார்த்தேன். ஆளுங்கட்சிக்காரர் முகம் திரையில் இருந்தது நூற்றுப்பதினாறு நிமிடம். எதிர்க்கட்சிக்காரர் முகம் ஒன்பது நிமிடம், அதிலும் நான்கு நிமிடம் முதுகு. இப்போது ஆள்பவர்கள் எதிர்க்கட்சியாக இருந்தபோது அவர்களுக்கும் இதே கதிதான் என்று என் கணவர் சொல்கிறார். அப்படியானால் அப்போதும் தவறு, இப்போதும் தவறு. யார் ஆண்டாலும் நிலையம் மக்கள் வரிப்பணத்தில்தானே நடக்கிறது?

6. நடந்தது இதோடு நிற்கவில்லை. செய்தி முடிந்த மறுநாள் காலையே முப்பத்தைந்து பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் இரண்டு நாளில் போனார்கள். கையுறை இன்றுவரை வரவில்லை. ஐயாவுக்கு ஒன்று தெரிய வேண்டும்: தனியார் சேனல் சொல்லியிருந்தால் எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். தங்கள் நிலையம் சொன்னதால், அக்கா வெளியே வந்து சொன்னதை விட்டுவிட்டு அதை நம்பினார்கள். "கவர்மென்ட் டிவி பொய் சொல்லுமா?" என்று அக்கா முகத்துக்கு நேரே கேட்டார்கள். விலைபோய்விட்டாள் என்று பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பத்தொன்பது வருடம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அவரைக் கண்டால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்து போகிறார்கள். அக்கா இப்போது துணி மூட்டை அறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறார். வேலையை விடப்போகிறேன் என்கிறார். "விட்டுத் தள்ளுடி, யானையோட மல்லுக்கு நிக்க முடியுமா?" என்று என்னையும் தடுத்தார். அவர் பேச்சைக் கேளாமல்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

7. முதல் மனுவோடு தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். காது கேட்காது என்று எழுதிக் காட்டியதும், குறைதீர்ப்பு அலுவலர் கத்திப் பேசினார். பிறகு என்னை விட்டுவிட்டு என் கணவரிடம் பேசினார். கூட்ட இரைச்சலால் ஒலி பயன்படவில்லையாம். அக்கா பேசிய அறையில் எட்டுப் பேர்கூட இல்லை. என் கணவர் நகல் எடுக்க வெளியே போனபோது, அலுவலர் பக்கத்து மேசை எழுத்தரிடம் திரும்பி, "ஒலி அப்படியேதான் இருக்கு, மேலேருந்து போட வேணாம்னுட்டாங்க. இந்தச் செவிட்டுப் பொம்பளைக்கு என்ன தெரியப்போகுது?" என்றார். குரலைத் தாழ்த்தியிருப்பார் போலிருக்கிறது. உதட்டை என் கண்ணிலிருந்து மறைக்கத் தோன்றவில்லை. நாள், நேரம், அவர் அணிந்திருந்த சட்டையின் நிறம் உட்படக் குறித்து இணைத்துள்ளேன். அவரைத் தண்டிக்க வேண்டாம். ஒலி இருக்கிறது என்று சொன்னதற்கு நன்றி சொல்லிவிடுங்கள்.

8. ஆகவே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலையை விட்டுவிட்டு, அக்கா பேசியதை முதலிலிருந்து கடைசிவரை, வெட்டாமல், அசல் ஒலியுடன், அதே மாலை ஏழு மணிச் செய்தியில், வாக்குப்பதிவுக்கு முன் ஒளிபரப்ப வேண்டும். முன்பு சொன்னது தவறு என்று செய்தி வாசிப்பவர் வாயால் சொல்ல வேண்டும். தவறினால் நீதிமன்றம் போவேன். அதுவரை சும்மாவும் இருக்க மாட்டேன். நானும் தோழிகள் மூவரும், தாங்கள் ஒலி நீக்கிக் காட்டும் ஒவ்வொரு வாயும் என்ன சொல்கிறதென்று தினமும் எழுதி, மருத்துவமனை எதிரே எங்கள் மாடிப்படிச் சுவரில் ஒட்டி வருகிறோம். வெளிநோயாளிகள் வரிசையில் நிற்பவர்கள் படிக்கிறார்கள். ஆறு நாள் ஆகிறது.

ஒளிபரப்பும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால் போதும். அன்று நான் திரையைப் பார்க்க மாட்டேன். அதில் உள்ளது எனக்குத் தெரியும். மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில், தொலைக்காட்சிக்கு முன்னால் அந்த அறுபத்தொரு பேரையும் நிற்கவைப்பேன். அக்காவையும் இழுத்துக்கொண்டு வருவேன். அவர்களில் யார் முதலில் அக்கா பக்கம் திரும்புகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

இடம்: மருத்துவமனை எதிர்த் தெரு
நாள்: வாக்குப்பதிவுக்குப் பதினொரு நாள் முன்பு

இப்படிக்கு,
(கையொப்பம்)
தாங்கள் நன்றி சொல்லவைத்த வார்டுப் பணியாளரின் தங்கை

இணைப்பு: உதட்டசைவுத் தாள்கள் நான்கு, கடிகாரம் தெரியும் படங்கள் இரண்டு, பதினைந்து நாள் நேரக் குறிப்பு, அலுவலர் பேசியதன் குறிப்பு.