ஆபீஸ் முகவரியோடு வீட்டுக்கு வந்த லேப்டாப்

வெள்ளிக்கிழமை, இரவு

காலை மீட்டிங்கில் என்னால் சேரவே முடியவில்லை. வீட்டு வைஃபை இருந்தது, இன்டர்நெட் வரவில்லை. நேற்று சென்னை ஆபீஸுக்குப் போயிருந்தபோது, சிஸ்டம் பார்க்கிற பிரகாஷ், அங்கே மட்டும் வேலை செய்யும் ஐபி முகவரியை என் லேப்டாப்பில் போட்டு, எடுக்காமலே கொடுத்திருக்கிறான். நானே தேடிப்பிடித்து ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுவதற்குள் மீட்டிங் முடிந்துவிட்டது.

மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"மரக்காணத்துல உப்பளத்துக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு நெட் வரலன்னா எப்படிம்மா? திங்கட்கிழமையிலேர்ந்து ஆபீஸுக்கே வந்துடுங்க."

"செட்டிங்தான் சார் தப்பு, ஊர் இல்ல."

வைத்துவிட்டார்.

அப்பாவைப் பாண்டிச்சேரிக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போக என்னை விட்டால் ஆள் இல்லை. ஆபீஸுக்கு வரச் சொன்னதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நடந்ததை எழுதியிருந்தேன்; மாலையில் பிரகாஷ் "சாரிக்கா" என்று மெசேஜ் அனுப்பினான். "அதை மேனேஜர்கிட்ட சொல்லுடா" என்று எழுதினேன். நீல டிக் விழுந்தது. அவ்வளவுதான்.