ஒன்றல்ல, இரண்டு

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நலம். உங்கள் அம்மாவின் கால் வீக்கம் வடிந்துவிட்டது, மாடிப்படி ஏறுகிறார். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. குழாய்க்காரர் வருகிறேன் என்று சொல்வதோடு சரி.

நேற்றுத் தொலைபேசியில் என்னைப் பேசவிடாமல் பாதியில் வெட்டிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

என் மகன் வானத்துல கயிறு கண்டுபிடிச்சிருக்கான் என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறார். துணி காயப் போடலாமா என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாளாம். அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். கயிறு இல்லை, அண்ட இழை; கண்ணுக்குத் தெரியாது; அது குறுக்கே ஓடினால் பின்னாலிருக்கும் ஒரே விண்மீன் திரள் இரண்டாகத் தெரியும் என்று விளக்கினேன். அப்போ என் பையன் அந்த ரெண்டைப் பார்த்துட்டான்ல என்றார். பார்த்தார் என்றேன். அது பொய்யில்லை.

விண்வெளித் தொலைநோக்கியின் படம் வந்துவிட்டது. விண்ணப்பித்தது நான் என்பதால் என்னிடம்தான் முதலில் வந்தது. பழைய மங்கலான படத்தில் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்த அந்த இரண்டும் இதில் அப்படி இல்லை. இழையால் பிளந்த பிம்பம் என்றால் விளிம்பு கத்தியால் நறுக்கியதுபோல இருக்க வேண்டும். இங்கே இரண்டின் விளிம்புகளும் ஒன்றை நோக்கி ஒன்று வளைந்திருக்கின்றன. அருகருகே இருந்து ஒன்றையொன்று இழுக்கும் இரண்டு திரள்கள். அவ்வளவுதான்.

உண்மையில் இழை இருந்தால் அதன் வழி நெடுகத் தையல்போல இன்னும் பல ஜோடிகள் தெரிய வேண்டும். ஒன்றுகூட இல்லை என்று, நாம் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல என்றீர்கள். அந்தப் பத்தியை எடுத்தால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன். இரண்டையும் எடுத்தீர்கள். கடைசி வரியில், பொறுமை காத்த மனைவிக்கு நன்றி என்று போட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை தேர்வுக்குழு முடியட்டும், அதுவரைக்கும் படம் உன்கிட்டயே இருக்கட்டும், நாம ரெண்டு பேரும் ஒண்ணுதானே என்கிறீர்கள். பேராசிரியர் பதவி கிடைத்தால் என்னையும் அங்கே அழைத்துக்கொள்வதாகவும் சொன்னீர்கள். என்ன வேலைக்கு என்று நான் கேட்கவில்லை.

படத்தை இத்துடன் அனுப்புகிறேன். திங்கட்கிழமை அதை எல்லோருக்கும் அனுப்பப்போகிறேன். அதற்கு முன் குழுவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்களே சொன்னால் வெறும் தவறு என்பார்கள். என்னிடமிருந்து தெரிந்துகொண்டால் அதற்குச் சொல்லும் பெயர் வேறு.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அங்கே குளிர் கடுமை என்றீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை எப்படியாவது வாயைத் திறந்துவிடுங்கள். இந்த ஆராய்ச்சியில் என் பெயர் முதன்முதலாக அச்சில் வருவது உங்களை மறுக்கும் வரியில் இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பொறுமை காத்தவள்