திரைக்குள் இருந்து சொன்ன பதில்

யாழ்ப்பாணம்,
மே மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சப்னாவுக்கு உம்மா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நீ அங்கே சுகமாக இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிட்டுப் படுக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் எனக்குத் துணைக்கு வந்திருக்கும் றஹ்மத்து மாமியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். சோளகக் காற்று தொடங்கிவிட்டது, விடியவே வீடு முழுக்கப் புழுதி. போன கிழமை நீ எடுத்த போதெல்லாம் இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுப் போனை மாமியிடம் கொடுத்துவிட்டேன், அது உனக்கு மனவருத்தமாக இருந்திருக்கும். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல் இருக்கும் இத்தா வீட்டில் போன் ஒருவருடையது இல்லை மகள், வந்திருக்கும் பெண்கள் எல்லோரும் கேட்கட்டும் என்று மாமி அதை ஸ்பீக்கரில் போட்டுவிடுவா, நான் சொல்வதற்கு நாலு பேர் விளக்கம் சொல்லுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் தாள்களை நானே படம் பிடித்து அனுப்புவேன், வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டேன்.

உன் நீண்ட மெயிலைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். குளிர் விட்டு அங்கே மரங்கள் பூக்கத் தொடங்கிய நாளில் இருந்து நீ செய்தவற்றை எல்லாம் எழுதியிருந்தாய், ஐந்து பாடம், அது போதாதென்று சனிக்கிழமைகளில் ஆய்வுகூடம், பின்னேரங்களில் நூலகத்தில் வேலை, துருக்கி மொழியிலேயே வகுப்பின் முன்னால் நின்று பேசியது, புதிதாக வந்த இலங்கைப் பிள்ளைகளுக்கு மொழி சொல்லிக்கொடுப்பது, இவ்வளவுக்கும் நடுவில் இத்தனை புத்தகங்களும். ஒரு மணித்தியாலத்தையும் நீ சும்மா விட்டுவைக்கவில்லை என்று விளங்கியது. அவ்வளவு நீளமான மெயிலில் வாப்பாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். பெப்ரவரியில் வாப்பா மௌத்தான அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னமே அடக்கிவிட்டார்கள், நீ அடுத்த விமானத்தில் ஏறியிருந்தாலும் முகம் பார்க்கக் கிடைத்திராது, அதனால் எல்லோரும் சேர்ந்துதான் உன்னை வரவேண்டாம் என்றோம். கடைசியில் நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். கோடையில் அந்தக் கடல்நீரேரி ஆய்வு நிலையத்தில் மீன்குஞ்சு கணக்கெடுக்கும் வேலைக்கு உன் பேராசிரியர் உன்னைத் தெரிந்தெடுத்திருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், ஆனால் நீ அதை விட்டுவிட்டு, படிப்பையும் நிறுத்திவிட்டு, ஜூலையில் சாமான்களோடு வந்துவிடுகிறாய், உம்மாவுக்குச் சம்மதம் என்று றிஷாத் மாமா சொன்னார், உண்மைதானா என்று கேட்டிருந்தாய். போனிலும் அதையே கேட்டாய், நான் சரி என்றேன்.

அந்தச் சரி எப்படி வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். வாப்பா போன பிறகு எனக்கு எதுவும் வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. ஒரு நாள் மாமி கண்ணாடி போடாமல் தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டா. தன்னுடையதை ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினா. நான் என்னுடையதை முழுவதும் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்திருந்தேன். நான் இன்னும் அழவில்லை என்று ஊரில் கதை இருக்கிறது, பார்க்க வருகிறவர்கள் முதலில் என் கண்ணைத்தான் பார்ப்பார்கள். ஒருத்தி வாய்விட்டே கேட்டுவிட்டாள். அதற்கு மாமி, இவ முப்பது வருஷம் பேப்பருக்குச் செய்தி எழுதின மனிசி, எல்லாத்தையும் எழுதி முடிச்சிட்டுத்தான் அழுவா என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டா. அழுகை வந்தால் நானும் விட்டிருப்பேன், அது வரவில்லை. யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொன்னால் அவர்கள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள் என்பது மட்டும் தெரிந்தது. சோறு போடவா, சரி. ஃபேனை நிற்பாட்டவா, சரி. ராத்தா நீங்கள் தனிய இருக்க ஏலாது, புத்தளத்துக்கு எங்களோடு வந்திடுங்கோ, வீட்டை நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று என் தம்பி, உன் றிஷாத் மாமா, கேட்டபோதும் சரி. உம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் வந்துவிடவா என்று நீ கேட்டபோதும் சரி. வீட்டை விற்று நான் புத்தளம் போனால் நீ வந்து யாரோடு எந்த வீட்டில் இருப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

போன ஞாயிறு றிஷாத் மாமா புத்தளத்தில் இருந்து பஸ் ஏறி வந்தார், பின்னேரம் வீடு பார்க்க ஒருவரையும் கூட்டிவந்தார். கொழும்பில் போன் கடை வைத்திருக்கிறவராம், பூர்வீகம் நம்முடைய அஞ்சு சந்திப் பக்கம்தான். இத்தாவில் இருக்கிறவள் அந்நிய ஆண் முன்னால் வரக்கூடாது என்பதால் நான் அறைக்குள் இருந்தேன், வாசலில் திரை. மாமி என் பக்கத்தில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு இருந்தா. அவர்கள் இருவரும் ஆளில்லாத வீட்டில் கதைப்பது போலக் கதைத்துக்கொண்டு நடந்தார்கள். கிணற்றடியைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். வாப்பா ஒவ்வொரு அறையாகக் கூரை போட்டதை றிஷாத் மாமா அவருக்கு விபரமாகச் சொன்னார், தொண்ணூறில் நம் ஆட்களை ஊரை விட்டுத் துரத்திய பிறகு பல வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது நாலு சுவர் மட்டும் நின்றதையும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பிறகு உன் அறைக்குள் போனார்கள். இந்தச் சுவரை எடுத்தால் ஹோல் பெரிசாகும், இந்தப் புத்தகம் எல்லாம் என்ன செய்யிறது என்று வந்தவர் கேட்டார். அதுகளைப் பழைய கடதாசி எடுக்கிறவனுக்குக் குடுத்திடலாம், புள்ளை படிப்பை விட்டிட்டுத்தானே வருது என்று றிஷாத் மாமா சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னார். நீ போனில் கேட்டதும் இதேதான், ஆனால் அன்று அது காதோடு நின்றுவிட்டது. யாரென்று தெரியாத ஒருவருக்கு அதை முடிந்துபோன செய்தியாகச் சொல்லக் கேட்டபோதுதான் அப்படி ஒன்று நடக்கப்போகிறது, அதற்கு ஆதாரமாக என் வாயைக் காட்டுகிறார்கள் என்று விளங்கியது.

நான் எழும்பித் திரைக்குக் கிட்டப் போனேன். "சப்னா படிப்பை விடல்லை. வீடும் விக்கிறதுக்கில்லை. வந்தவருக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பு தம்பி" என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனாலும் கேட்டுவிட்டது. பிறகு வந்தவர், பிரச்சினை இல்லை ராத்தா, றிஷாத் கூப்பிட்டதால்தான் வந்தேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார். சுவர் கதைச்சிட்டுது எண்டு மனிசன் பயந்திட்டார் என்று மாமி சிரித்தா. றிஷாத் மாமா உள்ளே வந்து என் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார், முகம் சிவந்திருந்தது. நாலு பேருக்கு முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன் என்றார், ஒருவர்தானே வந்தவர் என்று மாமி சொன்னா, அவர் அதைக் காதில் வாங்கவில்லை. தனிய இருந்து என்ன செய்யப் போறீங்கள் ராத்தா என்று கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மை. நான் இரவில் நித்திரை கொள்ளுற மாதிரி நீங்கள் ஒரு பதில் சொல்லுங்கோ என்றவர், சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழத் தொடங்கிவிட்டார். மச்சான் மச்சான் என்று வாப்பாவைச் சொல்லித்தான் அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தேன். என் கண்ணில் ஒன்றும் வரவில்லை. அவர் எனக்காகவும் சேர்த்து அழட்டும் என்று விட்டுவிட்டேன். போகும்போது மாமி கொடுத்த மாம்பழங்களை வாங்கிக்கொண்டுதான் போனார், அதனால் கோபம் பெரிதில்லை என்று நினைக்கிறேன். அவரோடு நீ மரியாதையாகக் கதைக்க வேண்டும். அவர் நல்லதை நினைத்துத்தான் செய்தார், சரி என்று சொன்னது நான்.

ஆகவே மகள், பேராசிரியருக்கு வருகிறேன் என்று எழுது. வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்காதே, இதை வாசித்த கையோடு எழுது. இப்படிச் சொல்வதால் உம்மா தேறிவிட்டா என்று நினைத்துவிடாதே. திரைக்குள் இருந்து கதைத்த பிறகு எனக்கு வீரமும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை, போய்ப் படுத்துவிட்டேன். ஜூனில் இத்தா முடியும், நம்முடைய கடையின் வாடகை வருகிறது, சாப்பாட்டுக்குக் குறையில்லை, நோன்பு வரைக்கும் இங்கேதான் இருப்பேன் என்று மாமி தானாகவே சொல்லிவிட்டா. அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது, தெரியாததைத் தெரிந்தது போல எழுதும் பழக்கமும் எனக்கு இல்லை. மாமி நேற்றே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டா. கொழும்புத்துறையில் இருந்து மீன் கொண்டுவரும் கிறகோரியிடம் படலையில் நின்று, எங்கடை புள்ளை துருக்கியில் கடல்நீரேரியில் மீன்குஞ்சு எண்ணப் போறா என்றா. இஞ்சை பிடிக்கவே மீனில்லை, அங்கை எண்ணுற அளவுக்குக் கிடக்குதாமோ என்று அவர் கேட்டது அறைக்குள் எனக்கே கேட்டது. இதற்கு நீதான் பதில் எழுத வேண்டும்.

நீ வாசித்த புத்தகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூடிப்போன ரெயில் ஸ்டேசனில் நாள்தோறும் மணி அடிக்கும் விதவையின் கதையை அகராதி இல்லாமல் வாசித்தேன் என்று பெருமையாக எழுதியிருந்தாய், ஆனால் பாதியில் வைத்துவிட்டேன், நேரமில்லை என்றும் எழுதியிருந்தாய். நான் அதை மாமிக்குச் சொன்னேன். மணி அடிச்சா ரெயில் வருமோ என்று கேட்டா. வராது என்றேன். பிறகேன் அந்த மனிசிக்கு உந்த வேலை என்று கேட்டுவிட்டு, முடிவைக் கேட்டுச் சொல் என்றா. நேரமில்லாமல் வைத்தாயோ வேறு காரணத்தால் வைத்தாயோ நான் கேட்கவில்லை. நூலக வேலையையோ மொழி சொல்லிக்கொடுப்பதையோ ஒன்றை விட்டுவிடு. அந்த நேரத்தில் ஒன்றும் செய்யாமல் இரு. வாப்பாவின் நினைவு வந்தால் வரட்டும், அதற்குப் பயந்து எழும்பி ஓடாதே. நான் இங்கே ஓட இடமில்லாமல் இருக்கிறேன், அது ஆளைக் கொல்லவில்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டேன்.

படகில் ஏறும்போது மிதவைச் சட்டை போடாமல் ஏறாதே, மற்றப் பிள்ளைகள் சிரித்தாலும் போடு. வெயிலில் வெறும் வயிற்றோடு நிற்காதே. தொழுகையை விடாதே, ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் வாப்பாவின் கப்றுக்காக துஆ கேள். தகப்பன் மௌத்தாகித் தாய் இத்தாவில் இருக்க மகள் லீவுக்கும் வரவில்லையே என்று இங்கே கட்டாயம் கதைப்பார்கள், அங்கே இருக்கும் நம் ஆட்களும் உன்னிடம் கேட்பார்கள். நீ யாருக்கும் காரணம் சொல்லிக்கொண்டு நிற்காதே. உம்மாதான் வரவேண்டாம் என்றா, வேறு ஏதும் கேட்பதென்றால் அவவிடம் கேளுங்கள் என்று சொல்லி என் நம்பரைக் கொடு. நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பரக்கத் செய்வானாக. பேராசிரியருக்கு எழுதியதும் எழுதிவிட்டேன் என்று ஒரு வரி எனக்குப் போடு.

வஸ்ஸலாம்.
உன் உம்மா,
நிலூபா ஸலாஹுதீன்