கோழி அடித்தோம்

தோணித்துறை,
பட்டுக்கோட்டை தாலுகா.
மார்கழி 3

டென்மார்க் தேசத்தில் பழைய எலும்புகளை ஆராயும் பாப்பா ஆஷ்லினுக்கு, பன்னிரண்டு நாள் நீ ‘தாத்தா, தாத்தா’ என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னால் வந்தாயே, அந்தக் கிழவன் சொல்ல, தபாலாபீசில் இருந்து ஓய்வு பெற்ற ஆமினா எழுதுவது.

முதலில் வருஷத்தைச் சொல்லிவிடுகிறேன். பலகை வாசகத்தில் அதையே தப்பாகப் போட்டிருக்கிறாய். ‘ஏறக்குறைய 1960’ என்று இருக்கிறதாம். இல்லை. எங்கள் தெரு ஆட்கள் முதல் தடவையாக வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட வருஷம் அது. தையில் ஓட்டு. மூன்றாவது கோடையாக ஆறு வறண்டு கிடந்தது. ஆவணியில் பண்ணையாளுக்குச் சட்டம் வந்தது. கார்த்திகையில் பெரும்புயல் அடித்துத் தென்னையெல்லாம் தலை இல்லாமல் நின்றது. ஆமினா விரல் விட்டு எண்ணி 1952 என்கிறார். எனக்குப் பதினாறு வயது. நான் சொல்லப்போவது அந்த வருஷத்து வைகாசி.

நலம் விசாரித்துவிட்டு ஆரம்பிக்கலாமே என்றார் ஆமினா. விசாரிக்கிற மனசு இன்றைக்கு இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய்.

நீ எழுதியனுப்பிய பலகை வாசகம் பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்தது. பொங்கல் கழித்துப் படகுத்துறையில் நடப்போகிறார்களாம். ஆமினா படித்துக் காட்டினார். ‘திட்டுக்கோழி. உள்ளூர் மக்கள் உணவுக்காக அடித்துத் தின்றதால் ஏறக்குறைய 1960இல் அழிந்த கடற்பறவை.’ அடியில், பலகைக்கு இடம் கொடுத்து உதவியவர்கள் என்று மிராசுதார் சாரங்கபாணி குடும்பத்தார் பெயர். இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். இரண்டு தரமும் அதேதான் இருந்தது.

பலகை நடுவதற்கு முன்பே ஊர் படித்துவிட்டது. ரேஷன் கடை ராஜ்குமார் நேற்று நாலு பேர் நடுவில், “பெரியப்பா, ஒரு இனத்தையே தின்னு முடிச்சிட்டு ஒரு ஏப்பம்கூட விடாம எழுபது வருஷம் எப்படி இருந்தீங்க?” என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். என் அண்ணன் மகள் தர்மாம்பாள் கூட நின்றாள். எழுபத்துமூன்று வயது அவளுக்கு. “எங்கப்பாவுமா தின்னாரு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். பையை அங்கேயே போட்டுவிட்டு அரிசி வாங்காமல் வந்துவிட்டாள். அவள் கேட்ட கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

நீ எங்கே தப்பு செய்தாய் என்று எனக்குத் தெரியும். கடலுக்குள் நீ எலும்பு தோண்டிய மணல்திட்டில் உன் ரிக்கார்டரை என் வாய்க்கு நேராகப் பிடித்துக் கேட்டாய். நான், “வைகாசி மாசம் நாங்க கோழி அடிச்சோம்” என்றேன். மயிலாடுதுறையில் உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கோழி அடிப்பார்கள், குழம்பு வைப்பார்கள். உன் காதில் அந்தக் கோழி விழுந்திருக்கிறது. திட்டில் உட்காருவதால் அதற்குத் திட்டுக்கோழி என்று பெயர். அது கோழியும் இல்லை, நாங்கள் குழம்பும் வைக்கவில்லை. அடித்தோம் என்றால் அடித்தோம். தடியால். மண்டையில்.

அதோடு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டேன். “போதும் தாத்தா, விட்டுடுங்க” என்று ரிக்கார்டரை நிறுத்தித் தண்ணீர் கொடுத்தாய். இரக்கப்பட்டுத்தான் செய்தாய். ஆனால் நான் விட்ட இடத்தில் இருந்து மீதியை நீயாகத்தானே எழுதிக்கொண்டாய்? மறுநாள் வந்து கேட்டிருக்கலாமே? நான் எங்கே ஓடிப்போனேன்?

எலும்பை மட்டும் எப்படிப் பார்த்தாய்! வெள்ளை உடுப்பு, இரண்டு கைக்கும் உறை, வாய்க்கு மூடி. பல் டாக்டர் மாதிரி ஒரு துளி துளைத்து, ஒரு சிட்டிகை மாவு எடுத்தாய். நான் குனிந்து பார்த்தபோது, “தள்ளிக்குங்க தாத்தா, உங்க மூச்சு பட்டாக்கூட அதுல உங்க உசிரு கலந்துடும்” என்று விலக்கினாய். ஒரு பறவை எலும்பில் என் மூச்சு கலக்கக்கூடாது. என் பேச்சில் மட்டும் நீ எதை வேண்டுமானாலும் கலக்கலாம், அப்படியா?

அந்த மாவு சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. ஆடியில் போன் போட்டாய். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய எலும்பையும் எங்கள் காலத்து எலும்பையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன், கடைசி வரைக்கும் இந்த இனம் நலியவே இல்லை, எத்தனையோ தனித்தனிக் குடும்பங்களாக நன்றாக இருந்திருக்கிறது, தானாகத் தேய்ந்திருந்தால் எலும்பிலேயே தெரிந்துவிடும் என்றாய். அன்றைக்கு நான் அழுதது உனக்குக் கேட்டிருக்காது. எழுபது வருஷமாக இந்த ஊர், ‘பொயல்ல போயிடுச்சு’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. மிராசுதார் வீட்டில் கிளப்பிய பேச்சு அது. நாங்களும் தலையாட்டினோம். புயல் பாதித் திட்டைக் கரைத்தது நிஜம். ஆனால் கார்த்திகையில் புயல் வந்தபோது அங்கே கொண்டுபோக ஒரு இறகு கிடையாது.

நடந்ததைக் கேள். சாரங்கபாணி மிராசுதாருக்கு நானூறு ஏக்கர் நஞ்சை. மீன் தின்கிற பறவையின் எச்சம் நெல்லுக்கு நல்ல எரு என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். மூன்று கோடை எங்களைத் தோணியில் ஏற்றித் திட்டுக்கு அனுப்பினார். மண்வெட்டியால் வெட்டிக் கூடையில் அள்ளவேண்டும். பறவை அடையில் இருந்தால் எழுந்திருக்காது. கிட்டப் போனால் முழங்காலில் கொத்தும், உட்கார்ந்தே இருக்கும். கெட்டியான எரு கூட்டுக்கு அடியில்தான். என் அண்ணன் கோவிந்தராசு, குஞ்சு பொரித்த பிறகு வெட்டலாமே என்று கேட்டார். பண்ணையை மேய்த்த காரியக்காரர், “ஏண்டா, எரு வேணுமா, கோழிக்குத் தாலாட்டு வேணுமா? எந்திரிக்காததை அடிங்கடா” என்றார். அடித்தோம். குழி வெட்டித் தள்ளி மூடினோம். நீ தோண்டினாயே, அந்தக் குழிதான். தின்றவன் எலும்பு கழன்று கழன்று கிடக்கும், கத்தி பட்டிருக்கும், கரி ஏறியிருக்கும். அங்கே கழுத்தோடு தலையும் உடம்போடு இறக்கையுமாக முழுசு முழுசாகக் கிடந்ததைப் பார்த்து, “என்ன தாத்தா இப்படி?” என்று நீதானே கேட்டாய்? கேட்டவள் அதை ஏன் பலகையில் மறந்தாய்?

ஒரே ஒரு தடவை ஒருவர் தின்ன எடுத்தார். அதையும் சொல்கிறேன். இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

அண்ணிக்கு அப்போது ஏழு மாதம். கேழ்வரகுக் கஞ்சிக்கும் வழி இல்லாத கோடை. அண்ணன் இரண்டு முட்டையைத் துண்டில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தோணியை விட்டு இறங்கும்போது காரியக்காரர் துண்டைப் பிடித்து இழுத்தார். பண்ணைச் சொத்தைத் திருடினான் என்று களத்தில் நிறுத்தினார்கள். அந்த முட்டையை அண்ணன் காலாலேயே மிதிக்க வைத்தார்கள். பிறகு சாணியைக் கரைத்து, மூங்கில் குழாய் வைத்து, அவர் வாயில் ஊற்றினார்கள். சாணிப்பால் என்று அதற்குப் பெயர். கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது என்னை. பிடித்துக்கொண்டேன்.

ஆமினா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எடுங்கம்மா, இன்னும் இருக்கிறது என்றேன்.

அந்த வயிற்றில் இருந்தவள்தான் தர்மாம்பாள். அவளைப் பார்த்துத்தான் உன் பலகை, உன் அப்பன் தின்றே அழித்தான் என்கிறது. அதுவும் சாரங்கபாணி குடும்பம் கொடுத்த இடத்தில் நின்றுகொண்டு.

நான் நல்லவன் என்று எழுதச் சொல்லவில்லை. வைகாசி கடைசியில் திட்டில் ஒரு கூடுதான் மிச்சம். அண்ணன் குழாய்க்குப் பிறகு படுத்துவிட்டார். அந்தக் கடைசிக் கூட்டுப் பறவையை அடித்தவன் நான். என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. பிறந்த மணலை விட்டு வேறு மணலில் முட்டை வைக்காத சாதி என்று நீ சொன்னபோதுதான், எதை முடித்தேன் என்று எனக்கே தெரிந்தது. அடித்தது எங்கள் கை. அதை எழுது. எவன் வாய் சொல்லி எங்கள் கை போனது என்பதையும் எழுது. அது எந்த எலும்பிலும் இருக்காது.

பலகைக்கு நான் சொல்லும் வாசகம் இது. ஒரு எழுத்து மாற்றாதே. ‘மிராசுதார் சாரங்கபாணி உத்தரவுப்படி, வயலுக்கு எரு எடுக்க, பண்ணையாட்களை விட்டு அடித்து அழித்த பறவை.’ அழிந்த என்று போடாதே. அழித்த என்று போடு. இதைப் போடமுடியாது என்றால் பலகையே வேண்டாம். மீறி நட்டால், எண்பத்தொன்பது வயதுக்கு எவ்வளவு பலம் இருக்கிறதோ அவ்வளவையும் வைத்துப் பிடுங்குவேன்.

நீ கெட்ட பெண் இல்லை. உன் தாய் தகப்பன் நன்றாக இருக்கட்டும். பொங்கலுக்குள் போன் போடு. ரிக்கார்டரைத் திறந்து வைத்துக்கொள், நான் அழுதாலும் நிறுத்தாதே. தர்மாம்பாளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொல்கிறேன். எனக்கு அவள் முகத்தைப் பார்த்துத் தனியாகச் சொல்லத் தைரியம் இல்லை.

வேறு யாரிடமாவது விசாரித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. அந்தத் திட்டில் எரு வெட்டியவர்கள் நாலு பேர். ஜெக்கரியா நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் போனார். தோணி தள்ளிய லூர்துராஜ் கஜா புயலுக்கு மறுவருஷம் போனார். கோவிந்தராசு, மகள் தவழ்ந்ததைப் பார்த்தார், நடந்ததைப் பார்க்கவில்லை. மிச்சம் இருப்பது ஒருவன், இதற்குக் கீழே கட்டைவிரல் வைத்திருப்பவன், கோவிந்தராசு தம்பி துரைராசு.